2024-இன் சுயாதீனப் படங்கள்: பாலக்காடு, கோவை எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், டிவியில் இரண்டும். படம் பார்க்கப் போனால் ஒரு பக்கம் பாலக்காடு, மறுபக்கம் கோயம்புத்தூர், இன்னொரு பக்கம் பொள்ளாச்சி. 2024-இல் தியேட்டரிலும் விழாவிலும் வந்த சுயாதீனப் படங்களில் எது தேறும், எந்தப் பக்கம் போய்ப் பார்ப்பது, ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) போட்டுக் காட்டுவது எப்படி என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கே: சுயாதீனப் படம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கொட்டுக்காளியைத் தயாரித்ததே சிவகார்த்திகேயன்தானே?

பட்ஜெட்டை வைத்துச் சொல்வதில்லை. பணம் போட்டவர் "ஒரு பாட்டு வையுங்க, முடிவை மாத்துங்க" என்று சொல்லி, இயக்குநர் கேட்க வேண்டியிருந்ததா என்பதுதான் கணக்கு. கொட்டுக்காளியின் தயாரிப்பாளர் நட்சத்திரம், நாயகன் சூரி. ஆனால் படத்தில் பின்னணி இசையே கிடையாது, முடிவு திறந்தே கிடக்கிறது. இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் நினைத்தது அப்படியே திரையில் இருக்கிறது. அதனால் சேர்த்தோம். அதே 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்த மாரி செல்வராஜின் வாழையும் நல்ல படம்தான். ஆனால் அது வணிகப் படத்தின் வழியிலேயே நடந்து தன் கதையைச் சொல்கிறது. அதனால் பட்டியலில் இல்லை. இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய இருக்கிறார்கள், இருக்கட்டும்.

கே: பாலக்காட்டில் "அவார்டு படம்" என்று கிண்டலாகச் சொல்வது இதைத்தானா?

ஆமாம். மெதுவாக நகரும், ஒன்றும் நடக்காது என்று அர்த்தம். கீழே உள்ள ஆறில் நான்கை அப்படிச் சொல்லவே முடியாது. ஆட்டம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போனைத் தொடத் தோன்றாது.

கே: சுற்றி வளைக்காமல் பட்டியலைச் சொல்லுங்கள்.

கொட்டுக்காளி. ஆல் வி இமேஜின் ஆஸ் லைட். ஃபெமினிச்சி பாத்திமா. ஆட்டம். பாரடைஸ். ஜமா. பிடித்த வரிசையும் இதுதான். முதல் இரண்டை இடம் மாற்றி வைத்தாலும் சண்டை போட மாட்டோம்.

கே: கொட்டுக்காளியில் அப்படி என்ன இருக்கிறது? பாதியில் எழுந்து போனவர்கள் உண்டே?

உண்டு. சூரி படம் என்று சிரிக்கப் போனவர்கள் அவர்கள். கதை ஒரு வரிதான்: வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, குடும்பமே ஆட்டோவிலும் பைக்குகளிலும் ஒரு சாமியாரிடம் கூட்டிப் போகிறது. மீனாவாக நடித்த அன்னா பென் படம் முழுக்கப் பேசுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். முறைமாமன் பாண்டியாக வரும் சூரிக்குத் தொண்டை கட்டிய குரல். பேசாத பெண், குரல் எழும்பாத ஆண், சுற்றிலும் ஓயாமல் பேசும் உறவுக் கூட்டம். இந்த ஏற்பாட்டிலேயே பாதிப் படம் வந்துவிட்டது.

வழியில் ஒரு காளை நடு ரோட்டில் நின்றுகொள்ளும். இத்தனை ஆம்பளைகள் இருந்தும் கிட்டே போகத் தயங்குவார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அலட்டாமல் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். ஒரு பெண்ணை அடக்கத்தான் அவ்வளவு பேரும் கிளம்பி வந்திருக்கிறார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கேமராவும் நெருங்கிப் போய் அழுத்திக் காட்டுவதில்லை. கவனிக்காதவர்களுக்கு அது வழியில் நின்ற மாடு, அவ்வளவுதான்.

ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், உறவினர்களில் சிலர் ஒரே குணத்தின் பிரதிகளாக நின்றுவிடுகிறார்கள். வினோத்ராஜின் முதல் படம் கூழாங்கல் 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்தக் கச்சிதம் இதில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

கே: ஆல் வி இமேஜின் ஆஸ் லைட் மலையாளப் படமா, ஹிந்திப் படமா?

பெரும்பகுதி மலையாளம், பிறகு ஹிந்தி, மராத்தி. பாயல் கபாடியா இயக்கியது. 2024 மே மாதம் கான் விழாவில் கிராண்ட் ப்ரீ பெற்றது. ஷாஜி என். கருணின் ஸ்வம் 1994-இல் போட்டிப் பிரிவுக்குப் போன பிறகு, 30 வருடம் கழித்து அங்கே போன இந்தியப் படம் இது. கேரளத்தில் "பிரபயாய் நினச்சதெல்லாம்" என்ற பெயரில் செப்டம்பரிலேயே சில தியேட்டர்களில் வந்தது. மற்ற இடங்களுக்கு நவம்பர் 22 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாளையாருக்குக் கேரளப் பக்கம் இருந்தவர்கள் இரண்டு மாதம் முன்னாலேயே பார்த்துவிட்டார்கள்.

மும்பையில் வேலை பார்க்கும் மலையாளி நர்ஸுகள் பிரபா (கனி குஸ்ருதி), அனு (திவ்ய பிரபா), அதே ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்க்கும் பார்வதி (சாயா கதம்). ஜெர்மனிக்குப் போய்ப் பேச்சை நிறுத்திவிட்ட கணவனிடமிருந்து பிரபாவுக்கு ஒரு நாள் சிவப்பு ரைஸ் குக்கர் ஒன்று பார்சலில் வருகிறது. கடிதம் கிடையாது. இரவில் அவள் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள். வளைகுடாவிலிருந்து பெட்டி வரும் வீடுகள் நம் பக்கத்திலும் உண்டு. ஆள் வராமல் சாமான் மட்டும் வருவது எப்படி இருக்கும் என்பதற்கு இதற்கு மேல் காட்சி வேண்டாம்.

கே: ஃபெமினிச்சி பாத்திமா என்ற பெயரைப் பார்த்தால் பிரச்சாரப் படம் மாதிரி இருக்கிறதே?

மெத்தை வாங்கும் கதை அது. பொன்னானியில் ஓர் உஸ்தாதின் (இஸ்லாமிய மத ஆசிரியர்) மனைவி பாத்திமா. பெரிய பையன் படுக்கையை நனைத்து மெத்தை பாழாகிவிட, வேறொரு மெத்தைக்காக அவள் படும் பாடுதான் முழுப் படமும். எழுந்து இரண்டடி வைத்தால் முடிகிற வேலைக்கும் அவளைக் கூப்பிடும் கணவன், இதை அவமானம் என்று பேர் வைக்கக்கூட நேரமில்லாத மனைவி. ஃபாசில் முகம்மதுவின் முதல் படம். சிரித்துக்கொண்டே பார்க்கலாம். 2024 டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவில் பார்வையாளர் விருது உட்படப் பல விருதுகளைப் பெற்றும், தியேட்டருக்கு வர 2025 அக்டோபர் ஆனது. கணவனைத் திருத்தும் காட்சி எதுவும் கடைசியில் வைக்காததற்கே ஒரு விருது தனியாகத் தரலாம்.

கே: ஆட்டம்?

நாடகக் குழு ஒன்று: பன்னிரண்டு ஆண்கள், ஒரு பெண். பார்ட்டி முடிந்த இரவில் அவளிடம் ஒருவன் அத்துமீறுகிறான். யார் என்று ஆண்கள் கூடிப் பேசுகிறார்கள். முதலில் எல்லோரும் அவள் பக்கம். வெளிநாட்டு வாய்ப்பு ஒன்று தலைகாட்டியதும் ஒவ்வொருவர் குரலும் எப்படி வளைகிறது என்று பாருங்கள். ஆனந்த் ஏகர்ஷி இயக்கம். 2024 ஜனவரி 5 அன்று வந்தது. 2022-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம், திரைக்கதை, படத்தொகுப்பு மூன்றும் இதற்குத்தான். பஞ்சாயத்து, சங்கம், கமிட்டி எதிலாவது உட்கார்ந்திருந்தவர்களுக்கு வியர்க்கும்.

கே: பாரடைஸ், ஜமா பற்றி?

பாரடைஸ் இலங்கையின் பிரசன்ன விதானகே இயக்கியது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது திருமண நாள் கொண்டாட இலங்கைக்குப் போகும் கேரளத் தம்பதியின் பொருட்கள் திருட்டுப் போகின்றன. போலீஸ் பிடித்து வருவது மலையகத் தமிழர்களை. மலையாளம், ஆங்கிலம், சிங்களம், தமிழ் எல்லாம் கலந்து வரும். அதில் தமிழ் பேசுகிறவர்கள் அடி வாங்குகிறவர்கள் மட்டுமே என்பது நமக்கு வேறு விதமாக உறைக்கும். ஒளிப்பதிவு ராஜீவ் ரவி. ஒன்றரை மணி நேரம்தான்.

ஜமா திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்து. பெண் வேடம் கட்டியே பழகிய ஒருவன் அர்ஜுனன் வேடம் கட்ட ஆசைப்படுகிறான். பாரி இளவழகன் இயக்கி நடித்தது, இசை இளையராஜா. இரண்டாம் பாதியில் கொஞ்சம் இழுக்கிறது. கூத்து நடக்கும் காட்சிகளுக்காக மன்னித்துவிடலாம்.

கே: விழாவில் பேசப்பட்ட அங்கம்மாள் ஏன் பட்டியலில் இல்லை?

2024-இல் அது விழாக்களில் மட்டும்தான் ஓடியது. தியேட்டருக்கு வந்தது 2025 டிசம்பரில். ஃபெமினிச்சி பாத்திமாவுக்கும் இதே நிலைதான், அதற்கு மட்டும் விலக்கு கொடுத்தோம். பெருமாள்முருகன் கதை. ரவிக்கை போடாத ஒரு தாய், டாக்டராகிவிட்ட மகன், அவனுக்கு வரும் வெட்கம். இயக்கிய விபின் ராதாகிருஷ்ணன் மலையாளி. மலையாளி தமிழ்ப் படம் எடுப்பது புதிதில்லை. ஜான் ஆபிரகாமின் அக்ரகாரத்தில் கழுதை 1977-லேயே வந்தாயிற்று. 2025 பட்டியல் போடும்போது கீதா கைலாசத்தின் நடிப்புக்காகவே இது மேலே இருக்கும்.

கே: ஒரே படம் பாலக்காட்டிலும் கோவையிலும் ஓடினால் எங்கே போவது?

மொழியைப் பாருங்கள். மலையாளப் படத்துக்குக் கேரளத்துக்குள் சப்டைட்டில் இருக்காது. கோவையில் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டிலோடு ஓடும். கடைவீதி மலையாளம் புரிகிறவர்களுக்குக்கூட பொன்னானி மாப்பிளா முஸ்லிம்களின் பேச்சு வேகத்தில் நழுவும். சந்தேகம் இருந்தால் கோவை. தமிழ்ப் படத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். எங்கே சவுண்ட் நன்றாக இருக்கிறதோ அங்கே போங்கள்.

பல மொழி கலந்த படம் என்றால் முன்பதிவுக்கு முன் தியேட்டருக்கு ஒரு போன் போட்டு "சப்டைட்டில் பிரிண்டா?" என்று கேட்டுவிடுவது நல்லது. ஆப்பில் போட்டிருக்கும் மொழிக் குறிப்பை நம்ப முடியாது.

கே: ரிலீஸ் ஆன படம் அடுத்த வாரம் போகலாம் என்றால் காணாமல் போய்விடுகிறது. எப்போது போவது?

வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த வெள்ளிக்கு எந்தப் படத்துக்கு எத்தனை ஷோ என்று பேச ஆரம்பிப்பார்கள். சின்னப் படத்துக்கு முதலில் பறிபோவது மாலைக் காட்சி, பிறகு மேட்னி, கடைசியில் காலை 10 மணி ஷோ மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வியாழன் இரவு ஆப்பில் புதிய அட்டவணை ஏறும். அதில் ஒரே ஒரு காலை ஷோ தெரிந்தால் அதுதான் கடைசி வாரம்.

கூட்டமே இல்லாத ஷோவை ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிடுவதும் நடக்கும். எல்லை தாண்டி ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய்த் திரும்பி வருவதைத் தவிர்க்க, நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ஷோவுக்கு முந்தின நாளே பதிவு செய்யுங்கள். பதிவான டிக்கெட் கண்ணில் பட்டால் ரத்து செய்யத் தயங்குவார்கள்.

கே: கொட்டுக்காளி பார்த்தபோது பாதி வசனம் கேட்கவே இல்லை. படத்தின் கோளாறா?

பெரும்பாலும் தியேட்டரின் கோளாறு. டிஜிட்டல் சவுண்ட் பிராசஸரில் ஃபேடர் என்று ஒரு அளவு உண்டு. படத்தை மிக்ஸ் செய்கிறவர்கள் அது 7-இல் இருக்கும் என்று வைத்துத்தான் செய்வார்கள். பெரிய நட்சத்திரப் படங்களின் அலறலுக்குப் பயந்து பல தியேட்டர்கள் அதை 4.5, 5 என்று இறக்கி அப்படியே விட்டுவிடும். பின்னணி இசையே இல்லாமல், படப்பிடிப்பில் பதிந்த குரலை வைத்துக்கொண்டு நிற்கிற படத்துக்கு அது மரண அடி. முணுமுணுப்பு போய்விடும், தூரத்து மயில் அகவல் போய்விடும், ஏசி இரைச்சல்தான் மிஞ்சும்.

முதல் ஐந்து நிமிடத்துக்குள் எழுந்து போய் ஆபரேட்டரிடம் சொல்லுங்கள். "சவுண்ட் கம்மி" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டுவார். "ஃபேடர் எத்தனையில் இருக்குங்க? ஒண்ணு கூட்டிப் பாருங்க" என்றால் கூட்டுவார். இடைவேளை வரை பொறுத்திருந்தால் பாதிப் படம் போய்விட்டது.

கே: சப்டைட்டிலின் கீழ் வரி திரைக்கு வெளியே விழுகிறதே?

படம் ஃப்ளாட் (அகலம் குறைந்த சட்டம்), ப்ரொஜெக்டர் ஸ்கோப்பில் (மிக அகலமான சட்டம்) இருக்கிறது. அல்லது நேர்மாறு. ஆபரேட்டர் ஒரு பட்டனைத் தட்டினால் சரியாகிவிடும். பழைய டிவி போல ஏறக்குறையச் சதுரமான 4:3 சட்டத்தில் எடுத்த படங்களில் இது இன்னும் மோசம். திரை நிரம்பட்டும் என்று பெரிதாக்கிவிட்டால் தலையும் காலும் வெட்டுப்படும். இரண்டு ஓரத்திலும் கறுப்பு இருப்பதுதான் சரியான காட்சி என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும்.

கே: திருவனந்தபுரம் விழாவுக்கு இங்கிருந்து போவது எப்படி? யார் வேண்டுமானாலும் போகலாமா?

போகலாம். கேரள மாநில சலச்சித்திர அகாடமி நடத்தும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா, சுருக்கமாக ஐ.எஃப்.எஃப்.கே., வழக்கமாக டிசம்பரில் எட்டு நாள். 29-ஆவது விழா 2024 டிசம்பர் 13 முதல் 20 வரை நடந்தது. வால்டர் சால்ஸின் ஐ ஆம் ஸ்டில் ஹியர் தொடக்கப் படம். பாயல் கபாடியாவுக்கு ஸ்பிரிட் ஆஃப் சினிமா விருது கொடுத்தார்கள். அந்த வருடம் டெலிகேட் (பதிவு செய்த பார்வையாளர்) கட்டணம் வரியோடு 1,180 ரூபாய், மாணவர்களுக்கு அதில் பாதி. பதிவு சில வாரம் முன்னாலேயே ஆன்லைனில் திறக்கும். மாணவர் என்றால் அடையாள அட்டையைத் தயாராக வைத்திருங்கள்.

மதுரை, பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகப் போகும் அமிர்தா எக்ஸ்பிரஸ் ராத்திரி ரயில், விடியும்போது இறக்கிவிடும். ஸ்டேஷன் இருப்பது தம்பானூர். அங்கேயே நடந்து போகிற தூரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. விழாவின் தலைமை அரங்கமான டாகோர் தியேட்டரும் கலாபவனும் வழுதக்காட்டில். முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தப்பு இதுதான்: தம்பானூரில் ஒரு படம், உடனே வழுதக்காட்டில் ஒரு படம், மறுபடி தம்பானூர் என்று போட்டுக்கொள்வார்கள். நடுவில் அரை மணி நேரம்தான் இருக்கும். ஆட்டோ கிடைத்து, வரிசையில் சேர்வதற்குள் கதவை மூடியிருப்பார்கள். காலை முழுக்க ஒரு வட்டாரம், சாயங்காலம் இன்னொரு வட்டாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இருக்கை முன்பதிவு முந்தின நாள் காலையில் திறக்கும். பேசப்படும் படங்கள் நிமிடங்களில் நிரம்பிவிடும். ஒரு பகுதி இருக்கைகளை வரிசையில் நிற்பவர்களுக்கு ஒதுக்கும் வழக்கமும் இருப்பதால், பதிவு கிடைக்காவிட்டால் முக்கால் மணி நேரம் முன்னால் போய் நிற்கலாம். விதிமுறைகளை ஒவ்வொரு வருடமும் மாற்றுவார்கள். அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்ப்பது? இந்தியாவில் எப்படியும் தியேட்டருக்கோ ஓ.டி.டி.-க்கோ வரப்போகும் பெரிய பெயர்களை விட்டுவிடுங்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். வேறெங்கும் பார்க்கக் கிடைக்காத படத்துக்கு அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து படம் பார்க்க முடியும். நான்காவதில் தூங்குவீர்கள். மூன்று போதும்.

கே: பாலக்காட்டிலேயே அந்த விழா நடந்ததாமே?

கொரோனாவால் 25-ஆவது விழாவை 2021-இல் நான்கு ஊர்களாகப் பிரித்தார்கள். மார்ச் முதல் வாரம் பாலக்காட்டில் நடந்தது. அதன் பிறகு பழையபடி திருவனந்தபுரம்தான்.

கே: வீட்டிலிருந்தே பார்க்க வழி?

பெரிய ஓ.டி.டி. தளங்களில் இந்தப் படங்கள் வரும், திடீரென்று போகும். ஆல் வி இமேஜின் ஆஸ் லைட் 2025 ஜனவரி 3 அன்று ஹாட்ஸ்டாருக்கு வந்தது. கேரள அரசின் சி-ஸ்பேஸ் 2024 மார்ச்சில் தொடங்கியது. அப்போது மாதச் சந்தா கிடையாது, ஒரு முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய். அதில் பாதி படத்தின் உரிமையாளருக்குப் போனது. வேறு தளங்கள் வாங்காத மலையாளச் சின்னப் படங்களைத் தேட இது நல்ல இடம். சப்டைட்டில் இருக்கிறதா என்று முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கே: வாயனசாலையில் 40 பேருக்குப் படம் போட்டுக் காட்ட என்னென்ன வேண்டும்?

முதலில் அனுமதி. வீட்டு ஓ.டி.டி. கணக்கு வீட்டுக்கு மட்டும்தான். அதை மேடையில் போட உரிமை இல்லை. தயாரிப்பாளருக்கோ இயக்குநருக்கோ எழுதுங்கள்: தேதி, இடம், எத்தனை பேர், டிக்கெட் உண்டா இலவசமா, எந்தக் கருவியில் ஓட்டுவீர்கள், எவ்வளவு கட்டணம் தர முடியும். ஆறு விவரமும் முதல் கடிதத்திலேயே இருந்தால் பதில் வரும். "உங்கள் படத்தைத் திரையிட விரும்புகிறோம்" என்று மட்டும் எழுதினால் வராது. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற பிரதியாக இருக்க வேண்டும் என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

திரை: 40 பேருக்கு 8 அடி அகலம் போதும். வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கட்டுகிறார்கள். தையல் நடுவில் கோடாக விழும், நாயகியின் கழுத்தை அறுக்கும். போதாததற்கு வெளிச்சம் துணிக்குப் பின்னால் கசிந்து படம் வெளிறும். அச்சடிக்காத ஃப்ளெக்ஸ் ஒட்டில்லாமல் 10 அடி அகலம் வரை கிடைக்கும். பளபளப்பில்லாத பக்கத்தை முன்னால் வையுங்கள். பளபளக்கும் பக்கத்தில் படத்தின் நடுவே ப்ரொஜெக்டரின் வெளிச்சம் ஒரு வட்டமாகத் தெரியும்.

ப்ரொஜெக்டர்: இருட்டான அறைக்கு 3,000 லூமென்ஸ். திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி வைக்கும் வகைதான் வாடகைக்கு அதிகம் கிடைக்கும். அதாவது 8 அடித் திரைக்கு 12 அடி தூரம். அது நாற்காலிகளுக்கு நடுவில் வரும். எனவே இடத்தை முதலிலேயே விட்டுவிட்டு நாற்காலி போடுங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிள் 10 மீட்டருக்கு மேல் போனால் படம் மின்னி மின்னி மறையும். லேப்டாப்பை ப்ரொஜெக்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடியோ கேபிளை மட்டும் நீளமாக இழுங்கள்.

ஒலி: ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், உதடு ஒன்று பேச வசனம் பின்னால் வரும். வேறு வழியே இல்லையென்றால் வி.எல்.சி. பிளேயரில் ஜே, கே பட்டன்களால் ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி நகர்த்திச் சரி செய்யலாம். ஸ்பீக்கர் இரண்டும் திரைக்கு இரண்டு பக்கமும், உட்கார்ந்தவர் காது உயரத்தில். கல்யாண வீட்டு மாதிரி மேலே தூக்கி வைத்தால் எதிரொலிதான் கேட்கும். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் "உர்ர்ர்" என்று இரைந்தால், எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டில் செருகுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள்.

வெளியரங்கில் போடுவதானால் நம் ஊரில் மழையைவிடக் காற்றுதான் எதிரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழியில் கிழக்கே இருந்து அடிக்கும், ஆடியில் மேற்கே இருந்து. நாலு மூலையை மட்டும் கட்டிய திரை பாய்மரமாகிவிடும். இரும்புச் சட்டத்தில் ஒரு அடிக்கு ஒரு கண் வைத்துக் கட்டி, சட்டத்தின் காலில் மணல் மூட்டை வையுங்கள்.

கரண்ட் போனால்: ப்ரொஜெக்டர் விளக்கு விசிறி ஓடாமல் சூட்டோடு நின்றுவிடும். கரண்ட் வந்ததும் உடனே போடாமல் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். சின்ன யு.பி.எஸ். ஒன்று இருந்தால் முறையாக அணைக்கவாவது நேரம் கிடைக்கும்.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் சரிபார்க்க முடியாது. முந்தின நாள் இரவு, அதே அறையில், படத்தின் முதல் பத்து நிமிடம், நடுவில் ஐந்து, கடைசியில் ஐந்து ஓட்டிப் பாருங்கள். கடைசிப் பகுதியை யாரும் பார்ப்பதில்லை. கோப்பு பாதியில் அறுந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

கே: எந்தப் பழைய படத்தில் ஆரம்பிக்கலாம்? முதல் திரையிடலிலேயே கூட்டம் ஓடிவிடக் கூடாது.

மேற்குத் தொடர்ச்சி மலை. லெனின் பாரதியின் 2018 படம். தேனியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் சுமை தூக்கும் ரங்கசாமி ஒரு துண்டு நிலம் வாங்கப் படும் பாடு. எல்லையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அடுத்து நண்பகல் நேரத்து மயக்கம். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளி பஸ்ஸில் தூங்கி எழுந்து தமிழ்க் கிராமத்தில் இறங்கித் தமிழனாகிவிடுகிறான். பழனிப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்தது. புதிதாக இசையமைக்காமல் டிவி, ரேடியோவில் ஓடும் பழைய தமிழ்ப் பாட்டையும் வசனத்தையும் வைத்தே ஓட்டியிருப்பார் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி. இரண்டுக்கும் ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். மூன்றாவதாக அருண் கார்த்திக்கின் நசீர்: கோவை ஜவுளிக்கடை ஊழியர் ஒருவரின் ஒரு நாள். அதை முதலில் போட வேண்டாம். முடிவைத் தாங்கிக்கொள்ளக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

கே: மலையாளம் தெரியாத பெரியவர்களுக்காகத் தமிழ் சப்டைட்டில் நாமே போடலாமா?

உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போடலாம். பலர் ஆங்கில சப்டைட்டில் இருக்கும் எஸ்.ஆர்.டி. கோப்பையே கொடுத்துவிடுவார்கள். நேரக்குறியீட்டை அப்படியே வைத்துக்கொண்டு வசனத்தை மட்டும் தமிழில் எழுதினால் போதும். ஆங்கிலத்தைப் பார்த்து எழுதாமல் மலையாளத்தைக் காதால் கேட்டு எழுதுங்கள். "சேச்சி" ஆங்கிலத்தில் வெறும் பெயராகிவிட்டிருக்கும், நமக்கு அது "அக்கா". இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரிக்கு 35 எழுத்துக்கு மேலும் வேண்டாம். பெரியவர்கள் படித்து முடிக்க ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அதனால் பேசியதையெல்லாம் எழுதாமல் சுருக்குங்கள்.

சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் திரையில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகளாக வரும். ஆரம்பத்தில் சரியாக இருந்த சப்டைட்டில் போகப் போக விலகி, ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் தள்ளிப் போயிருந்தால், கோப்பு விநாடிக்கு 25 சட்டம், சப்டைட்டில் 24-க்குச் செய்தது என்று அர்த்தம். அதை சப்டைட்டில் எடிட்டரில் சட்ட வேகத்தை மாற்றித்தான் சரி செய்ய வேண்டும். முதல் வசனத்திலிருந்தே ஒரே அளவில் தள்ளியிருந்தால் வி.எல்.சி.-யில் ஜி, எச் பட்டன்களே போதும்.